குளிரில் பிடிக்காத பிரேக்

நோட்டன் பிரிட்ஜ்
9 ஆகஸ்ட் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். இந்த இரண்டு வரியையும் நீங்கள் தாண்டிப் போய், காரைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறாள் என்று தேடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் நேரே காருக்கு வருகிறேன்.

உங்கள் கொர்டினா ஓடுகிறது. காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறது, பிறகு வாடகைக்கு ஹயர் போகிறது, லயத்து வீடுகளில் யாருக்காவது முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. ஆனால் பிரேக்கில் கோளாறு. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். கார் முழுவதும் நடுங்குகிறது. போன ஞாயிறு பூசை முடிந்து ஹட்டனிலிருந்து திரும்பும்போது கந்தப்பன் அண்ணன் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "நமக்கு முட்டி வலிக்கிற வயசு வந்துச்சுன்னா காருக்கும் வரும் தானுங்களே, டீச்சர்." அவருக்கு எல்லாமே சிரிப்பு.

ஹட்டனில் பெரியதம்பியின் கராஜில் காட்டினோம். முன் வீல் இரண்டிலும் டிஸ்க் தேய்ந்துவிட்டதாம், பேடும் முடிந்துவிட்டதாம். டிஸ்க்கை லேத்தில் கடைந்து போடலாம், கொழும்பில் பழையது வாங்கிப் போடலாம், இல்லையென்றால் புதிது போடலாம் என்கிறார். கஸ்பர் அண்ணனைக் கேட்காமல் கை வைக்க மாட்டாராம். நீங்கள் குவைத்தில் மெக்கானிக் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியும் உங்கள் கார் இங்கே உங்கள் சொல்லுக்குத்தான் கட்டுப்படுகிறது.

இன்னொரு செய்தி. கந்தப்பன் அண்ணனின் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தோட்டத்தில் மற்றவர்களைப் போல அவரும் இந்தியாவுக்கே போய்விடப் போகிறார். எந்தக் கப்பல் என்று இன்னும் தெரியாது.

அன்புடன்,
சுகிர்தம்


குவைத்
28 ஆகஸ்ட் 1981

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உன் முதல் இரண்டு வரியை இந்தத் தடவை இரண்டு முறை வாசித்தேன். போதுமா.

அவசரப்பட்டுக் கடைய விடாதே. டிஸ்க் என்பது வீலோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிப்பதால்தான் கார் நிற்கிறது. தட்டு மெலிந்துபோயிருந்தால், கடையக் கடைய இன்னும் மெலியும். மெலிந்த தட்டு சூட்டில் வளையும். முதலில் அளவு தெரிய வேண்டும். வீலைக் கழற்றச் சொல்லி, தட்டின் விளிம்பில் எவ்வளவு தடிப்பு, பேடு உரசுகிற இடத்தில் எவ்வளவு தடிப்பு என்று பார். விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் மேடு தட்டுப்படுகிறதா என்று பார். நிறம் மாறியிருக்கிறதா என்றும் எழுது. பெரியதம்பி நல்லவன்தான், ஆனால் அவன் கண்ணாலேயே அளக்கிற ஆள்.

கொழும்புப் பழையது வேண்டாம். யாரோ தேய்த்துக் கழித்ததை நாம் ஏன் சுமக்க வேண்டும்.

கந்தப்பன் போகிற நாள் வந்தால் காரை ஷெட்டில் ஏற்றி நாலு வீலுக்கும் கல் வைத்துவிடு. வேறு டிரைவர் வேண்டாம். நான் புறப்பட்ட அன்று, ஓட்டப் பழகுகிறேன் என்று சொல்லி நீ என்னோடு மல்லுக்கு நின்றாய். கடைசியில் மாதா படத்துக்கு முன்னால், சரி, ஓட்டவில்லை என்றாய். அதை மறக்க வேண்டாம். அந்த ரோட்டில் துரைமார் வீட்டு அம்மாக்கள் ஓட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களுக்கு எதிரே வந்த நாங்கள்தான் ரோட்டோரக் காணுக்குள் இறங்கி வழிவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கஸ்பர்


நோட்டன் பிரிட்ஜ்
20 செப்டெம்பர் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

அளந்துவிட்டேன். பெரியதம்பியிடம் அதற்கான கருவி இல்லை. நான் பள்ளிக்கூடத்துக் கொம்பாஸ் பெட்டியோடு போய், கவராயத்தின் இரண்டு முனையாலும் தட்டைப் பிடித்து அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். கராஜில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். விளிம்பில் பன்னிரண்டரை மில்லிமீற்றர். பேடு உரசும் இடத்தில் பத்துக்கும் குறைவு. மேட்டில் நகம் தட்டுப்பட்டது மட்டும் இல்லை, உடைந்தே போனது. நிறம் கேட்டீர்கள். ஐம்பது சதக் காசு அளவுக்கு நீலத் திட்டுகள், வலது பக்கத்தில் ஆறு, இடது பக்கத்தில் நாலு.

நடுக்கத்தைப் பற்றியும் சொல்கிறேன். பெடலை மெதுவாக மிதித்தால் உள்ளங்காலில் ஒரே சீராகத் தட்டுகிறது. பலமாக மிதித்தால் தட்டுவது ஸ்டியரிங்குக்கும் ஏறி, மணிக்கட்டு வரை வருகிறது. ஏற்றத்தில் ஒன்றுமே இல்லை. நீண்ட இறக்கத்தில், எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டு வரும்போதுதான் அதிகம். கடைசி வளைவுக்குள் பெடல் பஞ்சாகிவிடும், கருகிய வாசமும் வரும்.

இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள். பள்ளிக்கூடம் நாலு மைல், பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. லயத்து ராக்காயிக்கு ஜனவரியில் பிரசவம். இது அவளுக்கு மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கந்தப்பன் அண்ணனும் நலம்.

அன்புடன்,
சுகிர்தம்


குவைத்
14 ஒக்டோபர் 1981

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

கவராயத்தால் டிஸ்க் அளந்த முதல் ஆள் நீதான். இங்கே ஸ்டோரில் இருக்கிற மலையாளிக்குச் சொன்னேன். உங்கள் வீட்டில் மெக்கானிக் யார் என்று கேட்டான்.

தட்டு இரண்டும் முடிந்துவிட்டது. நீலத் திட்டு என்றால் வெந்துபோன இரும்பு. கடைந்தால் மேலே பளபளக்கும், உள்ளே வெந்தது வெந்ததுதான். இரண்டையும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் அந்தப் பக்கமாக இழுக்கும்.

இது எதனால் வந்தது என்றும் தெரிந்துவிட்டது. நியூட்ரல். பெற்றோல் விலை ஏறிய நாளிலிருந்து மலைநாட்டு ஹயர்க்காரர்கள் எல்லோருக்கும் இதே பழக்கம். இறக்கம் கண்டால் எஞ்சினை அணைத்து உருட்டிவிடுவோம். நானும்தான் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். கியரில் வந்தால் எஞ்சின் பாதி பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் காரையும் அதில் ஏறிய ஏழு பேரையும் பிரேக் ஒன்றே சுமக்க வேண்டும். கந்தப்பனுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. இந்த வயசில் அவன் மாறப்போவதில்லை.

ஆகையால் பேடை அவனுக்குப் பார்த்து எடுத்தேன். இரண்டு சாதி இருக்கிறது. மிருதுவான பேடு உடனே பிடிக்கும், ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் கைவிட்டுவிடும். கடினமான பேடு எவ்வளவு சூட்டையும் தாங்கும், ஆனால் அழுத்தி மிதிக்க வேண்டும். சின்னக் காருக்கு மிருதுவானது போதும் என்று மலையாளி சொன்னான். அவன் கினிகத்தேனை இறக்கத்தைக் கண்டானா. முதலாளியிடம் பழைய கொர்டினா ஒன்று கிடக்கிறது. அதில் கடினமான பேடைப் போட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். கல் குத்தினது போல நின்றது. கந்தப்பன் காலை வைத்தால் பெடல் மறுபேச்சுப் பேசாது. அவனுக்கு அதுதான் சரி.

ஹட்டன் பஜார் தங்கவேலு லீவில் வருகிறான். அவனிடம் டிஸ்க் இரண்டும் பேடு ஒரு செட்டும் கொடுத்துவிடுகிறேன். விமானத்தில் நிறை பார்ப்பார்கள். உனக்கு வாங்கிய சேலையையும் பால்மா டின்களையும் எடுத்துவிட்டுத்தான் டிஸ்க்கை வைத்தேன். கோபிக்காதே. முதல் நூறு மைல் பேடு படிகிற வரைக்கும் மெதுவாக ஓட்டச் சொல்.

உள்ளங்காலில் தட்டுவதை அழகாக எழுதியிருந்தாய். கந்தப்பன் இவ்வளவு விவரமாகப் பேசுகிறவன் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

கஸ்பர்


நோட்டன் பிரிட்ஜ்
6 டிசெம்பர் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கவேலு வந்து சேர்ந்தார். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டே பையை இறக்கி வைத்தார். "புருசன் என்ன அனுப்பியிருக்காரு?" என்று லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். பிரித்துக் காட்டினேன். வேலாயி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தோச சுடலாம் போல இருக்கே, டீச்சர்" என்றாள். சேலையை நான் பார்க்கவில்லை, ஆகையால் கோபம் இல்லை. என்ன நிறம் என்று மட்டும் எழுதுங்கள்.

பெரியதம்பி ஒரே நாளில் பூட்டிவிட்டார். நடுக்கம் போய்விட்டது, சத்தமும் இல்லை. உங்களுக்கு நன்றி.

ஒரு சந்தேகம். காலையில் முதல் நாலைந்து தடவை பெடல் கல்லாக இருக்கிறது. மிதித்தால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கிறது. மத்தியானத்தில் அப்படி இல்லை. பெரியதம்பியைக் கேட்டேன். "புதுசுன்னா அப்புடித்தான், டீச்சர். போகப் போகச் சரியாயிரும்" என்றார். சரியாகுமா? கந்தப்பனுக்குச் சொல் என்று எழுத வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள்.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். இந்தத் தடவையும் நடுச்சாமப் பூசைக்கு நான் தனியாகத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
சுகிர்தம்


குவைத்
15 ஜனவரி 1982

சுகிர்தத்துக்கு,

கந்தப்பன் கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறான். கோத்தகிரியிலிருந்து. செப்டெம்பர் மூன்றாம் திகதி தலைமன்னாரில் கப்பல் ஏறினானாம். சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனானாம். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "டீச்சரம்மா கை நல்ல கை அண்ணே. மூணு மாசத்துல பழகிட்டாங்க. வளைவெல்லாம் என்னவிட நல்லா எடுக்குறாங்க. நீங்க கவலப்படாதீங்க."

செப்டெம்பர் மூன்றாம் திகதி கப்பல் ஏறியவன், இருபதாம் திகதி உன் கடிதத்தில் எப்படி நலமாக இருந்தான்? உள்ளங்காலில் தட்டியது யாருடைய காலில்? நான் இங்கே மலையாளியிடம் என் மனைவியின் கெட்டித்தனத்தைப் பெருமையாகப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மாதா படத்துக்கு முன்னால் சொன்னாய். வேறு யார் பொய் சொல்லியிருந்தாலும் எனக்கு இப்படி இருக்காது. இந்த ஒரு வருஷமும் உன் கடிதங்களில் எது உண்மை, எது இல்லை என்று இனி நான் எப்படிப் பிரிப்பது?

பெரியதம்பிக்கு இன்றே தனியாக எழுதிவிட்டேன். காரை எடுத்துப்போய் விற்கச் சொல்லியிருக்கிறேன். கார் புத்தகம் என் பெயரில்தான் இருக்கிறது. சாவியை அவனிடம் கொடு.

கஸ்பர்


நோட்டன் பிரிட்ஜ்
17 ஜனவரி 1982

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசியுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரை நான்தான் ஓட்டுகிறேன். மே மாதம் கந்தப்பன் அண்ணன் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் வைத்துப் பழக்கினார். ஆகஸ்டில் நுவரெலியாவில் லைசன்ஸ் எடுத்தேன். செப்டெம்பரில் அவர் போய்விட்டார். அவர் நலம் என்று நான் எழுதியபோது அவர் இந்தியக் கரையில், மண்டபம் முகாமில் நலமாகத்தான் இருந்தார். இப்படிச் சொல்லி இத்தனை மாதமும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இனிமேல் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ராக்காயிக்கு வலி கண்டது. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி கொண்டுபோகப் போயிருந்தது. போன வருஷம் பிரசவ வலியோடு லொறிக்குக் காத்திருந்து நாகலெட்சுமி செத்தது இந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ராக்காயியையும் அவள் மாமியாரையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கண்ணாடியெல்லாம் பனி. கந்தப்பன் அண்ணன் செய்தது போலவே நானும் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டேன். இறங்குவது என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். உங்கள் ஒக்டோபர் கடிதத்தில் வாசித்தேன்தான், ஆனால் அது கந்தப்பன் அண்ணனுக்கு எழுதியது என்று விட்டுவிட்டேன்.

கீழ் வளைவில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களம் உங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு ஆட்கள் ரோட்டில்தான் நிற்பார்கள். மிதித்தேன். கார் நிற்கவில்லை. பேடு வேலை செய்யவில்லை என்று இல்லை. பிடித்தது, ஆனால் என் காலுக்குப் போதுமான அளவு பிடிக்கவில்லை. இரண்டு காலையும் பெடலில் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்தே நின்றேன். "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று கங்காணி கத்தினார். கூடையோடு நின்ற பெண்கள் சிதறினார்கள். கார் நின்றபோது சின்னத்தம்பியின் மனைவிக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு கஜம் இருந்தது. அவள் காலடியில் கூடை உருண்டு கிடந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, "போங்க டீச்சர், புள்ளக்காரி காத்திருக்கா" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எஞ்சினைப் போட்டு, முதல் கியரிலேயே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராக்காயிக்குப் பெண் பிள்ளை. இரண்டு பேரும் நலம். இது உண்மை.

அத்தான், நீங்கள் கந்தப்பன் அண்ணனின் காலுக்குப் பேடு எடுத்தீர்கள். அந்தக் கால் கோத்தகிரியில் இருக்கிறது. உங்களிடம் மறைத்துக்கொண்டு உங்களிடமே பிரேக் கேட்டேன். அதற்காக ஒரு தெருச் சனத்தையே பலி கொடுக்கப் பார்த்தேன்.

எந்தப் பேடு சரி என்று சொல்லுங்கள். அதுவரைக்கும் காரைத் தொட மாட்டேன்.

சுகிர்தம்


நோட்டன் பிரிட்ஜ்
2 பெப்ரவரி 1982

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் ஜனவரி பதினைந்தாம் திகதிக் கடிதம் வந்தது. என்னுடையது உங்கள் கைக்கு வந்திருக்கும். இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. என்னுடையது இரண்டு நாள் முந்தியிருக்கக் கூடாதா என்று அழுதேன். பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். அழுகை போய்க் கோபம் வந்தது.

நான் செய்தது பொய். அதில் பேச்சில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் தடிப்புக் கேட்டீர்கள், நிறம் கேட்டீர்கள், நகம் தட்டுப்படுகிறதா என்றுகூடக் கேட்டீர்கள். காலையில் பெடல் கல்லாக இருக்கிறது, எனக்குச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதற்கு மட்டும் இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கேட்டது உங்கள் மனைவி என்பதாலா? கந்தப்பன் அண்ணன் கேட்டிருந்தால் தந்தி அடித்திருப்பீர்கள்.

பெரியதம்பி உங்கள் கடிதத்தோடு வந்தார். நான் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நிக்காத கார நான் யாருக்கு விக்கிறது, டீச்சர்? வாங்குறவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும் தானே. மொதல்ல பிரேக்கச் சரியாக்கிட்டு அண்ணன் என்ன வேணும்னாலும் சொல்லட்டும்" என்றார். போகிறபோது, புதுசு அப்படித்தான் என்று தான் சொன்னது தவறு என்று சொல்லி, என்னைப் பார்க்காமலே மன்னிப்புக் கேட்டார். உங்களிடம் நான் எதிர்பார்ப்பது மன்னிப்பு இல்லை. பதில்.

கார் ஷெட்டில் நிற்கிறது. நாலு வீலுக்கும் கல் வைத்திருக்கிறேன், நீங்கள் சொன்னபடி. நான் காலை பஸ்ஸில் போகிறேன். மழைக்குப் பஸ் வராத அன்று நடக்கிறேன். விற்பதென்றால் விற்றுவிடுங்கள். ஆனால் நான் ஓட்டுகிறேன் என்பதற்காக விற்காதீர்கள். நான் நன்றாக ஓட்டுகிறேன், அத்தான். அதை நீங்கள் கந்தப்பன் அண்ணனின் கடிதத்தில்தான் அறிய வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு வெட்கம்.

சுகிர்தம்


குவைத்
21 பெப்ரவரி 1982

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். முதலில் உன்மேல் கோபம். பிறகு இந்தப் பேடு கந்தப்பன் மிதித்தால் பிடித்திருக்குமே, இவள் ஏன் மிதித்தாள் என்று கோபம். அந்தக் கோபத்தை நிரூபிக்கத்தான் நாலாம் நாள் விடியக்காலையில் முதலாளியின் கொர்டினாவை எடுத்தேன்.

இங்கேயும் இந்த மாதத்தில் காலை குளிரும். ஒக்டோபரில் நான் சோதித்தது மத்தியானம் ஒரு மணிக்கு. இங்கே அந்த நேரத்து வெயிலில் காரைத் தொட்டாலே கை பொசுங்கும். பேடு ஓடாமலே சூடாகி இருந்திருக்கிறது. நான் அதை நோட்டன் பிரிட்ஜுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறேன். பிறந்து முப்பத்தாறு வருஷம் அந்தக் குளிரில் கிடந்தவன், இரண்டு வருஷத்துக்குள் அதை மறந்துபோனேன்.

கார் நிற்க வேண்டிய இடம் என்று ரோட்டில் ஒரு கல்லை அடையாளம் வைத்தேன். குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல் பக்கத்தால் மட்டும் மிதித்தேன். என் பலத்தைப் போடாமல், உன் பலம் எவ்வளவு இருக்கும் என்று நினைத்து மிதித்தேன். கல்லைத் தாண்டி இருபது அடி போய் நின்றது. இறங்கி நடந்து அடி அடியாக அளந்தேன். தட்டையான ரோட்டில், ஆளே இல்லாத காரில் இருபது அடி. அங்கே இறக்கத்தில், பின் சீட்டில் பிள்ளைத்தாய்ச்சியோடு, நீ ஒரு கஜம் மிச்சம் வைத்து நிறுத்தியிருக்கிறாய். நான் அந்த ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மலையாளி வந்து தண்ணீர் கொடுத்தான்.

உன் டிசெம்பர்க் கேள்விக்கு இப்போது பதில். போகப் போகச் சரியாகாது. அந்தப் பேடு உனக்கானது இல்லை. மிருதுவான பேடு ஒரு செட் அனுப்புகிறேன். குளிரிலும் முதல் மிதியிலேயே பிடிக்கும். ஆனால் அது நீண்ட சூட்டைத் தாங்காது, ஆகையால் நியூட்ரல் கூடவே கூடாது. எந்தக் கியரில் மேட்டில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இரண்டாம் கியரில் எஞ்சின் கத்தும், கத்தட்டும். டிஸ்க்கில் பழைய பேடின் பூச்சு இருக்கும், பூட்டுவதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல். மலையாளி முதலிலேயே மிருதுவானதைத்தான் சொன்னான். அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். ஏன் உன்னை ஓட்ட வேண்டாம் என்றேன் என்று இந்த மூன்று நாளும் யோசித்தேன். ரோடு பயம் என்பது பாதிதான். நான் இல்லாமல் அந்தக் கார் ஓடக்கூடாது என்று நினைத்திருக்கிறேன். அது ஷெட்டில் கிடந்தால், அங்கே நான் இல்லாத குறை ஒன்று தினமும் தெரியும் அல்லவா. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. உனக்குத் தெரியட்டும்.

பெரியதம்பிக்கு விற்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இதோடு காரை உன் பெயருக்கு மாற்றுகிற கடதாசி இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மன்னித்தாய் என்றால் நீயும் போடு. மன்னிக்காவிட்டாலும் போடு.

மே முதல் வாரம் எனக்கு இரண்டு மாதம் லீவு. சேலை பச்சை நிறம்.

உன்
கஸ்பர்


நோட்டன் பிரிட்ஜ்
28 மார்ச் 1982

அன்புள்ள அத்தானுக்கு,

பேடு போன வாரம் வந்தது. பெரியதம்பி உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினார். முதல் நாள் காலை ஆறு மணிக்கு நான் மட்டும் காரில் ஏறிக் கீழ் வளைவுக்குப் போனேன். இரண்டாம் கியர். எஞ்சின் கத்தியது. பெரட்டுக்கு வந்தவர்கள் என்னைக் கண்டதும் காணைத் தாண்டி மேட்டில் ஏறி நின்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விரல் பக்கத்தால் மிதித்தேன். நின்றது. பின்னால் போய் மறுபடி இறங்கினேன், நின்றது. மூன்றாவது தடவை சின்னத்தம்பியின் மனைவி மட்டும் மேட்டிலிருந்து இறங்கி வந்து, "ஆஸ்பத்திரிப் பக்கம் போறீங்களா, டீச்சர்? ராக்காயி புள்ளைக்கு ஊசி போடணுமாம்" என்று கேட்டாள்.

கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மன்னித்துவிட்டுத்தான் போட்டேன். நீங்கள் கூச்சப்பட்டு எழுதிய அந்த வரிகளை எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். கார் ஓடினாலும் நீங்கள் இல்லாத குறை தினமும் தெரிகிறது. அதற்காக அதை ஷெட்டில் போட வேண்டியதில்லை.

இப்போது கார் என்னுடையது என்பதால் ஒன்று சொல்கிறேன். கட்டுநாயக்காவுக்கு உங்களை அழைக்க நானே வருகிறேன். நீங்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் சாவிக்குக் கை நீட்டுவீர்கள். தர மாட்டேன். இரண்டு வருஷமாக நீங்கள் ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஊரில், ரோட்டின் மறுபக்கத்தில் ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள். கினிகத்தேனையில் ஒரு வளைவில் பழக்கதோஷத்தில் வலது பக்கம் போய்விட்டால் எந்தப் பேடும் உங்களைக் காப்பாற்றாது. உங்களுக்கு என்னைப் பற்றி இருந்த பயம் எப்படிப்பட்டது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

முதல் ஒரு வாரம் இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து வாருங்கள். பிறகு தோட்டத்து மைதானத்தில் வைத்து உங்களைப் பழக்குகிறேன்.

உங்கள்
சுகிர்தம்